ஓஎஸ்எம் வடசென்னை: கட்டடம் விட்டுப்போச்சா, ஒட்டிப்போச்சா?

#1 தெருமுனை

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர். மாநகராட்சியின் முதல் ஆறு மண்டலத்திலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (ஓஎஸ்எம், யார் வேணும்னாலும் வரைஞ்சு திருத்தலாம்ங்கிற இலவச இணைய வரைபடம்) கட்டடம் வரையுற வேலையை ஆரம்பிக்கலாம்னு பேச்சு நடக்குது. தெரு பரவாயில்லை. கட்டடம்தான் திட்டுத்திட்டா இருக்கு. ஒரு தெரு முழுக்க வரைஞ்சிருக்கும், அதன் முதுகில் இருக்கிற சந்தில் ஒன்றுகூட இருக்காது.

என் யோசனை: ஓஎஸ்எம் தரவில் தேடுற ஓவர்பாஸ் டர்போ தளத்தைத் திறந்து, ஒரு வார்டு திரையில் அடங்குற மாதிரி வச்சு, விசார்டில் பில்டிங்=* போட்டு ஓட்டினா கீழ் வலது மூலையில் எத்தனை பாலிகான், அதாவது மூடிய உருவம்னு காட்டும். எது குறைச்சலோ அந்த வார்டில் முதலில் இறங்கலாம். சரிதானா?

(பில்டிங்=* மாதிரி, வரைஞ்ச பொருள் என்னன்னு சொல்ற குறிப்புதான் டேக். அதை எல்லாம் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுறேன். எடிட்டரில் ஆங்கிலத்தில்தான் போடணும்.)

#2 மொட்டைமாடி

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். பரப்பளவை மட்டும் பார்த்தால் அதைவிட மோசமாக ஏமாறுவோம்.

2023-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு 13,189 நகரப் பகுதிகளில் ஓஎஸ்எம் கட்டடத் தரவு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கணக்கிட்டது. 1,848 இடங்களில் 80 சதவீதத்துக்கு மேல், 9,163 இடங்களில் 20 சதவீதத்துக்கும் கீழே. அது கட்டடப் பரப்பளவை வைத்துப் போட்ட கணக்கு. நாட்டோடு நாட்டை ஒப்பிட அது போதும், பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போதாது.

ஏன் என்று ஒரு பிளாக்கை எடுத்துப் பார்ப்போம். நீளம் 61 மீட்டர், ஆழம் 24 மீட்டர். இரண்டு வரிசை வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் முகப்பு 3 மீட்டர், ஆழம் 12 மீட்டர். நடுவே குறுக்காக 1 மீட்டர் சந்து. வரிசைக்கு 20, மொத்தம் 40 வீடு. வானத்திலிருந்து பார்த்தால் ஒரே சிமென்ட் நிறம். சந்தின் மேல் இரண்டு பக்கச் சன்ஷேடும் கவிந்து கிடக்கும். அவசரத்தில் வரைபவர் நாலு மூலையைத் தட்டி பில்டிங்=யெஸ் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

இப்போது கணக்கு. பரப்பளவு 1,464 சதுர மீட்டர், நூற்றுக்கு நூறு நிறைவு. எண்ணிக்கை 1. வெள்ள நிவாரணத்துக்கு யாராவது பரப்பளவை 100 சதுர மீட்டருக்கு ஒரு வீடு என்று வகுத்தால் 15. நிஜம் 40. படகு எந்தச் சந்து வழியாகப் போகும் என்று கேட்டால் சந்தே இல்லை.

வெற்றிடமாக இருந்தால் யாராவது வந்து வரைவார்கள். இப்படி அடையாக வரைந்து வைத்தால் 'முடிந்த இடம்' என்று தாண்டிப் போவார்கள். எனவே முதல் வேலை, அடைகளைத் தேடுவது.

#3 கேட்மூடி

அடை. பேர் நல்லா இருக்கு, இந்த இழையில் அதுவே இருக்கட்டும்.

ஐரோப்பாவில் நிறைஞ்சிருக்கு, நம்ம பக்கம் ஓட்டைன்னதும் 'நம்ம ஆளுங்களுக்கு ஆர்வம் இல்லை'ன்னு ஒரு பேச்சு வரும். அது சரியில்லை. நெதர்லாந்தில் அரசின் கட்டடப் பதிவேட்டையே இறக்கிக்கிட்டாங்க. பிரான்ஸில் நில அளவைப் படத்திலிருந்து எடுத்தாங்க. தன்னார்வலர் வேலை அதை ஏத்துறதும் சரிபார்க்கிறதும். நம்ம டவுன் சர்வே படத்தில் முக்கியமா இருக்கிறது மனை எல்லை. அதையும் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. அதனால் இங்கே ஒவ்வொரு மூலையும் ஒரு ஆள் கையால் தட்டினதுதான்.

ரெண்டாவது காரணம், பேரிடர் எதைக் கேட்குதோ அதுதான் வரைபடத்தில் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தப்போ ஓஎஸ்எம் மேலே கட்டின படத்தில் ஜனங்க குறிச்சது தண்ணி நிக்கிற தெரு. கேட்டது தெரு, வந்தது தெரு. தார்-எஸ்-சலாமில் அதே 2015-ல் ரமானி ஹுரியா திட்டம் ஆரம்பிச்சப்போ வெள்ளப் பகுதியின் வடிகாலும் கட்டடமும் சேர்த்தே கேட்டாங்க, மாணவர்களைத் தெருவில் இறக்கினாங்க. அங்கே ரெண்டும் வந்தது.

#4 புதுவரவு

ஒரு சந்தேகம் அண்ணா. கூகுள், மைக்ரோசாஃப்ட் ரெண்டு பேரும் ஏஐ வச்சு எடுத்த கட்டடத் தரவை இலவசமா கொடுக்கிறாங்களே, உரிமமும் ஓஎஸ்எம்முக்கு ஒத்துவரும்னு சொல்றாங்க. மொத்தமா இறக்கிட்டா ஒரே நாளில் முடியாதா?

#5 உப்புக்காத்து

முடியும் தம்பி. அப்புறம் காசிமேட்டுத் துறைமுகத்தில் படகெல்லாம் வீடாயிடும்.

விளையாட்டுக்குச் சொல்லலை. கூகுளின் ஏஐ கட்டடத் தரவான ஓப்பன் பில்டிங்ஸ், பிக்சலுக்கு 50 சென்டிமீட்டர் செயற்கைக்கோள் படத்தை வச்சு ஓடுது. ஒவ்வொரு உருவத்துக்கும் 0.65-லிருந்து 1 வரை நம்பிக்கை மதிப்பெண் இருக்கும். உரிமம் பிரச்சினை இல்லை, ஓஎஸ்எம்மோட உரிமமான ஓடிபிஎல் கீழேயே கிடைக்குது. பிரச்சினை நம்ம நிலப்பரப்பு. வடசென்னையில் சதுரமா, கூரை மாதிரி, வெயிலில் பளிச்சுனு தெரியுற பொருள் எத்தனைன்னு பாருங்க:

கன்டெய்னர். மாதவரம், மணலி, எண்ணூர் யார்டுகளில் அடுக்கி வச்சிருப்பாங்க. 40 அடிப் பெட்டி 12.2 மீட்டருக்கு 2.44, 20 அடிப் பெட்டி 6.1-க்கு 2.44. ரெண்டு மூணு பக்கத்தில் பக்கத்தில் வச்சா அச்சு அசலா ஷெட்டுதான். ஒரே அளவில் நிறைய செவ்வகம் வரிசையா வந்தா அளந்து பாருங்க. அகலம் 2.4-ன் மடங்கா வந்தா நீக்குங்க.

மணலி டேங்குகள். வட்டமா இருக்கிறது எண்ணெய்த் தொட்டி. அது மேன்_மேட்=ஸ்டோரேஜ்_டேங்க், பில்டிங் இல்லை.

பேசின்பிரிட்ஜ் யார்டில் நிக்கிற ரயில் பெட்டி. நாளைக்கு அங்கே இருக்காது.

காயப்போட்ட வலை, மழைக்காலத்தில் குடிசை மேல் போட்ட நீலத் தார்ப்பாய். அஞ்சு குடிசைக்கு ஒரே தார்ப்பாய்னா ஏஐக்கு ஒரே வீடு.

அதைவிடப் பெரிய சங்கடம், ஒட்டின வீட்டை ஏஐயும் அடையாத்தான் போடுது. நாம எதைச் சரிசெய்யப் போறோமோ அதையே மறுபடி மொத்தமா கொண்டுவந்து கொட்டுற வேலை. ஏஐ தரவைக் கோட்டு விளிம்பா, தேட உதவுற நிழலா வச்சுக்கலாம். ஏஐ உருவங்களைக் காட்டுற ரேபிட் எடிட்டரில் ஒவ்வொன்னா பார்த்து ஏத்துக்கலாம். மாதவரம் பக்கம் காம்பவுண்டோட தனித்தனியா நிக்கிற வீடுகளுக்கு நல்லாவே வேலை செய்யும். மொத்தமா இறக்கணும்னா அது இம்போர்ட். அதுக்குன்னு விதிமுறை இருக்கு, முன்கூட்டியே சமூகத்தில் அறிவிச்சு விவாதிக்கணும்.

#6 தெருமுனை

சரி, எண்ணிக்கைப் பட்டியலைத் தூக்கிப் போட்டாச்சு. அடையைக் கண்டுபிடிக்கிறது எப்படி? பிரிக்கிறது எப்படி? படிப்படியா எழுதினா ஒட்டி வச்சுடலாம்.

#7 மொட்டைமாடி

கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் ஓஎஸ்எம் எடிட்டரான ஜோசம்மில் செய்வதை எழுதுகிறேன். உலாவியிலேயே ஓடும் ஐடி எடிட்டரில் புதிதாக வரையலாம், ஆனால் பிரிக்கும் வேலைக்கு அது கையைக் கட்டிப்போடும்.

தேடுவது. பகுதியை இறக்கிக்கொண்டு கண்ட்ரோல்+எஃப். பில்டிங்=யெஸ் ஏரியாசைஸ்:600- என்று கொடுத்தால் 600 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, வகை குறிக்காத கட்டடங்கள் தேர்வாகும். ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்கு 600 சரி. மணலியில் அதே எண் போட்டால் கிடங்கெல்லாம் வந்து விழும், 2,000 வையுங்கள். கல்யாண மண்டபம், தியேட்டர், பள்ளிக்கூடம் எல்லாம் இதில் வரும். அவற்றுக்கு அங்கேயே சரியான வகையைப் போட்டுவிட்டால் அடுத்த முறை தேடலில் வராது.

ப்ளக்கின் மூன்று: பில்டிங்ஸ்_டூல்ஸ், டெரேசர், யூடில்ஸ்ப்ளக்கின்2.

பிரிப்பது. மேலே சொன்ன 61-க்கு 24 அடையையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் சந்து. அடையின் குறுக்கே, சந்தின் ஒரு ஓரமாக ஒரு கோடு வரையுங்கள். கோட்டின் இரண்டு முனையும் அடையின் விளிம்பில் புள்ளியாக ஒட்டியிருக்க வேண்டும். அடையையும் கோட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஆல்ட்+எக்ஸ். இரண்டாகும். மறு ஓரத்திலும் அப்படியே. நடுவில் மிஞ்சும் 1 மீட்டர் துண்டை நீக்கிவிட்டு, அங்கே சந்தை வழியாக வரையுங்கள். மாடி சந்தின் மேலேயே போனால் அந்தத் துண்டை நீக்காதீர்கள். கட்டடத்தை வைத்துக்கொண்டு, வழியின் அந்தப் பகுதிக்கு மட்டும் டனல்=பில்டிங்_பேசேஜ்.

இதை நீக்கிவிட்டுப் புதிதாக வரையலாமே என்றால், வேண்டாம். பிரித்தால் பழைய பொருளின் அடையாள எண் ஒரு துண்டில் தொடரும், வரலாறு போகாது. முழுதாக மாற்றியே ஆக வேண்டும் என்றால் புதிதாக வரைந்து, பழையதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஜி.

அடுத்து, முதுகுச் சுவர். ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் மறுபடி ஆல்ட்+எக்ஸ். இப்போது நாலு வரிசை, ஒவ்வொன்றிலும் 10 வீடு.

ஒரு வரிசையைத் தேர்ந்து ஷிஃப்ட்+டி (T). டெரேசர் பெட்டி திறக்கும், துண்டு 10. எல்லாத் துண்டையும் சம அகலமாக வெட்டும். இங்கேதான் பலரும் தவறு விடுகிறார்கள்: நிஜத்தில் ஒரு வீடு 2.7 இருக்கும், அடுத்தது இரண்டு மனையை ஒன்றாக்கி 6 மீட்டர் இருக்கும். வெட்டிய பிறகு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் நிழலைப் பார்த்துச் சுவர்ப் புள்ளிகளை இழுத்துச் சரிசெய்யுங்கள். தண்ணீர்த் தொட்டியை எண்ணி வீட்டை எண்ணாதீர்கள். ஒரு மாடியில் மூன்று குடித்தனத்துக்கு மூன்று கறுப்புத் தொட்டி நிற்கும்.

சுவர் பொதுவென்றால் புள்ளியும் பொது. தனித்தனியாக வரைந்தால் 40 வீட்டுக்கு 160 புள்ளி. பகிர்ந்தால் சந்துக்கு இந்தப் பக்கம் 33, அந்தப் பக்கம் 33, ஆக 66. எண்ணிக்கையை விடுங்கள், பகிராவிட்டால் பத்து சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஜோசம்மின் பிழை சோதிக்கும் வேலிடேட்டரில் கட்டடம் கட்டடத்தை வெட்டுவதாக எச்சரிக்கை குவியும்.

க்யூ விசை மூலைகளைச் செங்கோணமாக்கும். பழைய தெருக்களில் மனை முன்னே 3 மீட்டர், பின்னே 2.5 என்று கூம்பி இருக்கும். அங்கே க்யூ அடித்தால் வீடு பக்கத்து வீட்டுக்குள் நுழையும். தனி வீடுகளுக்கு மட்டும் க்யூ.

தெருக்கோட்டோடு கட்டடப் புள்ளி ஒட்டிக்கொள்ளக் கூடாது. வரையும்போது கண்ட்ரோலை அழுத்திப் பிடித்தால் ஒட்டாது.

#8 கேட்மூடி

நல்ல பதிவு. இதுக்கு முன்னாடி ஒன்னு சேர்க்கணும்: நாம பார்த்து வரையுற செயற்கைக்கோள் படம் நகர்ந்திருக்கிறது. பிங் படமும் எஸ்ரி படமும் ஒரே இடத்தில் சில மீட்டர் வித்தியாசம் காட்டும். 3 மீட்டர் வீட்டுக்கு 3 மீட்டர் பிசகுன்னா பக்கத்து வீட்டுக்காரன் வீடு.

சந்துக்குள் நின்னு போன் ஜிபிஎஸ் எடுத்து இதைச் சரிபார்க்க முடியாது. ரெண்டு பக்கச் சுவரில் சிக்னல் பட்டு எதிரொலிச்சு, சாதாரணமா 5-10 மீட்டர் தள்ளிக் காட்டும். வெட்டவெளி வேணும். எண்ணூர் விரைவுச்சாலையில் கடல் ஓரப் பகுதி, மேம்பாலத்தின் உச்சி, ரயில்வே கேட். போறப்போ ஒரு தடம், வர்றப்போ ஒரு தடம்னு நாலஞ்சு தடத்தை ஏத்திட்டு நடுவை எடுத்து, ஜோசம்மில் படத்தின் ஆஃப்செட்டை அதுக்கு நகர்த்துங்க. ஏற்கெனவே ஒருத்தர் பார்த்து வரைஞ்ச கட்டடங்கள் இருந்தா அதோட ஒத்துப்போகுதான்னும் பாருங்க. நீங்க ஒரு படம், அவர் ஒரு படம்னு போனா தெருவே கோணலாயிடும்.

இன்னொன்னு சாய்வு. செயற்கைக்கோள் நேர் மேலே இருந்து எடுக்கிறதில்லை. குடிசை மாற்று வாரியத்தின் உயரமான அடுக்குமாடியில் கூரை ஒரு இடத்திலும் அடித்தளம் சில மீட்டர் தள்ளியும் தெரியும். கூரையின் வடிவத்தை வரைஞ்சுட்டு, முழு உருவத்தையும் அடித்தளத்துக்கு இழுத்து வைங்க. கூரையிலேயே விட்டா ரோட்டு மேலே கட்டடம் நிக்கும்.

வரம்பு எதுன்னும் சொல்லிடுறேன். சென்னை அட்சரேகையில் ஜூம் 19-ல் ஒரு பிக்சல் சுமார் 29 சென்டிமீட்டர். 3 மீட்டர் வீடு பத்து பிக்சல். 1 மீட்டர் சந்து மூணே பிக்சல், அதுவும் நிழலில். வீட்டிலிருந்தே முடிக்கிற வேலை இந்த இடத்தில் நின்னுடும். அதுக்கு அப்புறம் காகிதமும் செருப்பும்தான்.

#9 தெருமுனை

காகிதம் எந்த அளவில்?

#10 கேட்மூடி

1:500. ஏ4 தாளில் ஓரம் போக சுமார் 135-க்கு 90 மீட்டர் அடங்கும், 3 மீட்டர் வீடு தாளில் 6 மில்லிமீட்டர் வரும், உள்ளே எண் எழுதலாம். 1:1000-ல் 3 மில்லிமீட்டர்தான், பேனா முனைக்கே இடம் போயிடும். ஒரு தாளுக்கு ரெண்டு பேர்: ஒருத்தர் எண்ணிக்கிட்டே போகணும், ஒருத்தர் எழுதணும். மாடி எண்ணிக்கை மட்டும்னா, கேள்வி கேட்டு பதிலை ஓஎஸ்எம்மில் ஏத்துற ஸ்ட்ரீட்கம்ப்ளீட் போன் செயலி போதும், ஆனா கட்டடம் பிரிஞ்ச பிறகுதான். அடைக்கு அது ஒரே ஒரு தடவைதான் மாடி கேட்கும்.

#11 உப்புக்காத்து

மாடிக் கணக்கில் ஒரு திருத்தம் எப்பவும் தேவைப்படுது. நாம ஜி+2-ன்னு சொல்றது பில்டிங்:லெவல்ஸ்=3. தரைத்தளமும் கணக்கில் சேரும். பாதிப் பேர் 2-ன்னு போட்டுடறாங்க. வெள்ளத்தில் மேல்மாடிக்கு ஏறலாமான்னு பார்க்கிறவனுக்கு ஒரு மாடிங்கிறது சின்ன விஷயமில்லை.

மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டு போட்டு வாடகைக்கு விட்டிருப்பாங்க. மேலேயிருந்து பார்த்தா ஒற்றைத் தள ஷீட் வீடு, கீழேயிருந்து பார்த்தா மூணு மாடி. கூரை நிறத்தை வச்சு மாடி போடாதீங்க. நேரில் பார்க்காத வீட்டுக்கு லெவல்ஸ் டேக்கைக் காலியா விடுங்க.

போர்டு வீடுகளுக்கு: ஒரு பிளாக்குக்கு ஒரு உருவம், பில்டிங்=அபார்ட்மென்ட்ஸ். நாலு தளம், தளத்துக்கு எட்டு வீடுன்னா பில்டிங்:ஃப்ளாட்ஸ்=32. இங்கே உருவத்தை 32-ஆ வெட்டக் கூடாது. சுவரில் எழுதியிருக்கிற பிளாக் எண் ரெஃப் டேக்கில் போகட்டும். 1970-ல் தொடங்கின குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமா பேர் மாறிடுச்சு. ஆபரேட்டர் டேக்கில் பழைய பேர், புது பேர், சுருக்கம்னு பல விதமா எழுதினா தேடும்போது பாதிதான் சிக்கும்.

பழைய பிளாக்கை இடிச்சுப் புதுசு கட்டுற இடத்தில் பொருளை நீக்காதீங்க. படம் பழசா இருக்கும், அடுத்து வர்றவர் பார்த்து மறுபடி வரைஞ்சுடுவார். டிமாலிஷ்ட்:பில்டிங்னு முன்னொட்டு மாத்தி, தேதியோட குறிப்பு போடுங்க. வேலை ஆரம்பிச்சதும் பில்டிங்=கன்ஸ்ட்ரக்ஷன். திருவொற்றியூர்க் கரையில் கடல் அரிச்சுட்டுப் போன வீட்டுக்கும் இதே முறைதான்.

#12 புதுவரவு

கால்வாய் ஓரக் குடிசைகளை வரையலாமா? வரைஞ்சா காலி பண்ணச் சொல்லி வர்றவங்களுக்கு நாமளே கணக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா?

#13 உப்புக்காத்து

பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம்னா, அங்கே இருக்கிறவங்களைக் கேட்காமல் வீட்டுக்கு வீடு வரைய வேண்டாம் என்பது என் கட்சி. தெருவும் சந்தும் குழாயடியும் பொதுக் கழிப்பிடமும் முதலில். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு அது போதும்.

#14 மொட்டைமாடி

இதில் நான் மாறுபடுகிறேன். படம் எல்லோருக்கும் தெரியும் படம்தான், காலி செய்ய வருகிறவர்கள் ஓஎஸ்எம்மை நம்பி வருவதில்லை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது போல, எத்தனை வீடு பாதிக்கப்பட்டது என்று பேசும் நேரத்தில் வரைபடத்தில் இல்லாத வீட்டுக்காகப் பேச ஆள் வேண்டியிருக்கும்.

கேட்டுவிட்டு வரைய வேண்டும் என்பதில் மறுப்பில்லை. மூன்று விஷயம் உறுதி: குடியிருப்பவர் பெயர் எந்த டேக்கிலும் கூடாது. 'ஸ்லம்' என்று குறிக்காமல், அவர்கள் சொல்லும் குப்பத்தின், நகரின் பெயரைப் பிளேஸ்=நெய்பர்ஹுட் என்று போடுங்கள், தமிழ்ப் பெயரை நேம்:டிஏ-யில் சேருங்கள். பட்டா உண்டா இல்லையா என்பது நம் வேலையே இல்லை.

#15 உப்புக்காத்து

கேட்டுட்டுன்னா ஒரே ஒரு ஆளைக் கேட்டுட்டு இல்லை. அதுவரை ஒத்துப்போறேன்.

#16 தெருமுனை

வீட்டு எண் பற்றி யாரும் பேசலை. பாதி வீட்டில் 'பழைய எண் 7, புதிய எண் 12'னு ரெண்டு இருக்கு.

#17 கேட்மூடி

ஏடிடிஆர்:ஹவுஸ்நம்பரில் புதிய எண் மட்டும். 12/7-ன்னு சேர்த்து எழுதினா, 12-ம் எண்ணை ரெண்டா பிரிச்ச வீட்டின் 12/7-க்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது. பழைய எண் ஓல்டு முன்னொட்டோட தனி டேக்கில். கதவில் ஒரே எண்தான் இருக்கு, அது எதுன்னு தெரியலைன்னா ரெண்டு பக்கத்து வீட்டையும் பாருங்க. வரிசையில் எதோட ஒட்டுதோ அதுதான். டெரேசரில் தானா எண் போடுற வசதி இருக்கு, இந்த ஊருக்கு அதை அணைச்சே வைங்க.

#18 மொட்டைமாடி

ஏற்றும்போது ஒரு பிளாக்குக்கு ஒரு சேஞ்ச்செட் (ஒரே தடவையில் ஏற்றும் திருத்தங்களின் தொகுப்பு). காலையில் எண்ணூரில் ஒரு வீடு, மாலையில் பெரம்பூரில் ஒரு வீடு என்று ஒரே சேஞ்ச்செட்டில் ஏற்றினால் அதன் எல்லைப் பெட்டி வடசென்னை முழுதையும் மூடும், சரிபார்ப்பவர் பாவம். குறிப்பில் 'கட்டடங்கள்' என்று மட்டும் எழுதாமல், எந்தத் தெருக்களுக்கு இடையே, அடையைப் பிரித்ததா புதிதா, எந்தப் படம், நேரில் பார்த்ததா என்று நாலு சொல் எழுதுங்கள். யாரோ வரைந்த அடையைப் பிரிக்கும் முன் அவருடைய சேஞ்ச்செட்டில் ஒரு கருத்தும் இடுங்கள். பெரும்பாலும் அவர் மாப்பத்தானில் (கூட்டமாக உட்கார்ந்து வரைபடம் வரையும் நிகழ்ச்சி) முதல் நாள் உட்கார்ந்த மாணவராக இருப்பார். திட்டினால் திரும்ப வரமாட்டார்.

#19 தெருமுனை

ஏரியாசைஸ்:600- போட்டு ராயபுரத்தையும் தண்டையார்பேட்டையையும் ஓட்டிட்டேன். பள்ளி, மண்டபம், கிடங்கு கழிச்சுட்டு மிச்சத்தைப் பட்டியலாப் போடுறேன். 1:500-ல் தாள் அச்சடிக்கிறப்போ ஒரு கேள்வி: பக்கத்துப் பக்கத்துத் தாள்கள் ஓரத்தில் எவ்வளவு ஏறி இருக்கணும்?

#20 கேட்மூடி

10 மீட்டர், தாளில் 2 சென்டிமீட்டர். அதுக்குக் குறைச்சா ஓரத்து வீட்டை ரெண்டு கோஷ்டியும் அடுத்தவன் எழுதுவான்னு விட்டுடும். முடிஞ்ச வரை தாளின் ஓரம் தெரு நடுவில் விழுற மாதிரி வெட்டுங்க, வரிசைக்கு நடுவில் வேண்டாம். தாள் எண்ணைக் கீழ் வலது மூலையில் போடாதீங்க, கிளிப் மறைச்சுடும்.